பெட்டி வண்டியின் பெட்ரோல் பம்ப்

1. வாலாஜாபாத் ரோட்டில்

நடு ரோட்டில் வண்டி நின்றுபோனவர்கள் போனில் கத்துவார்கள். அது இயல்பு. வெயில், பின்னால் ஹாரன், வண்டியில் லோடு, அத்தனை எரிச்சலும் மெக்கானிக்கின் காதில்தான் வந்து விழும். அன்று கூப்பிட்ட மனிதர் கத்தவில்லை.

"அண்ணா, வாலாஜாபாத் ரோட்டுல நிக்கிறேன். பெட்ரோல் பிக்கப்பு. நல்லா ஓடிக்கினு இருந்தது, அப்படியே ஆஃப் ஆயிடுச்சி. வருவீங்களா?"

"வரேன்பா. இன்னா லோடு இருக்குது?"

"இருக்குதுணா. நீங்க வந்து பாருங்க. புடிக்கலன்னா திரும்பிப் போயிடுங்க. நான் ஒண்ணியும் சொல்ல மாட்டேன்" என்றார்.

என் பெயர் தணிகாசலம். காஞ்சிபுரத்தில் சிறிய ஷெட் வைத்திருக்கிறேன். முன்பு என்னோடு வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக ஒரகடம் பக்கம் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். ஜாக்கி போடுவதும் நான்தான், ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும் நான்தான். எத்தனையோ பிரேக்டவுனுக்குப் போயிருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் போய்விடுங்கள் என்று முன்கூட்டியே சொன்ன வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான்.

ஸ்கூட்டரில் டூல்ஸ் பையைக் கட்டிக்கொண்டு போனேன். தூரத்திலிருந்தே வண்டி தெரிந்தது. பின்பக்கம் கம்பிச் சட்டம் அடித்து, நீலத் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். கிட்டே போனதும் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படித்தேன். 'குளிர்சாதனப் பெட்டி வாடகைக்குக் கிடைக்கும்.' கீழே போன் நம்பர். இறந்தவர்களை வீட்டில் வைக்கும் ஃப்ரீசர் பாக்ஸ்.

அதன் சொந்தக்காரர் வண்டியை விட்டுத் தள்ளி ஒரு வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். நான் திரும்பிப் போவேனா மாட்டேனா என்று பார்ப்பதுபோல அங்கேயே நின்றார்.

"பெட்டி காலியாப்பா?"

"காலிதாணா. வாலாஜாபாத்துல ஒரு வீட்டுக்குப் போய்க்கினு இருந்தேன். ரைஸ்மில்லுல வேல செஞ்ச பெரியவரு. புள்ள பெங்களூர்லேர்ந்து வந்துக்கினு இருக்காராம்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்கு முன்னாடி ஒருத்தரு வந்தாரு. பாத்துட்டு, டூல் எடுத்துக்கினு வரேன்னு போனாரு."

"பேரு இன்னா?"

"ஆரோக்கியம்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் பானட்டைத் திறந்தேன்.

இளம் மெக்கானிக்குகளுக்காகச் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருந்த பெட்ரோல் வண்டி சூட்டில் மூச்சு வாங்கி நின்று, அரைமணி ஆறினால் மறுபடி கிளம்புகிறது என்றால் டேங்க்கிலிருந்து பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும் பம்ப்பின் மேல்தான் முதலில் சந்தேகம் போக வேண்டும். ஆனால் உடனே பம்ப்பைக் கழற்றிவிடக் கூடாது. ஃப்யூஸ் பார்த்தேன், சரியாக இருந்தது. ஹாரனுக்குக் கரண்ட் விடும் ரிலேவைப் பிடுங்கி பம்ப் ரிலே இடத்தில் மாற்றிப் போட்டேன், மாற்றமில்லை. டேங்க் பக்கத்து கனெக்டரில் டெஸ்ட் லாம்ப் வைத்தேன், கரண்ட் வந்தது. சாவியைத் திருப்பினால் டேங்க்குக்குள் 'ங்ங்' என்று ஒரு முனகல் வர வேண்டும். அது வரவில்லை. கரண்ட் போகிறது, சத்தம் இல்லை என்றால் பம்ப் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

அவரை சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, நான் கீழே படுத்து ரப்பர் சுத்தியலால் டேங்க்கின் அடியில் தட்டினேன். நாலைந்து தட்டில் பம்ப் முனகியது. இன்ஜின் பிடித்தது.

ஆரோக்கியம் கண்ணை மூடித் திறந்தார். "போயிடலாமாணா?"

"போலாம். ஆனா இது வைத்தியம் இல்ல. திரும்ப எங்க நிக்கும்னு சொல்ல முடியாது. நானும் வரேன், நின்னா தட்டணும்."

ஸ்கூட்டரை ஒரு பங்க்சர் கடையில் விட்டுவிட்டு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். வழியில் அவர் இரண்டு மூன்று தடவை மட்டும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த சீட்டில் ஆள் உட்கார்ந்து பழக்கமில்லை என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர், "ஏன்யா இவ்ளோ லேட்டு? வெயில் இன்னா அடிக்குது பாத்தியா?" என்று சத்தம் போட்டார். ஆரோக்கியம், "வண்டி நின்னுடுச்சிங்கையா, மன்னிச்சிக்கோங்க" என்றார். இளைஞர்கள் நாலு பேர் பெட்டியை இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் ஒரு தொழில்காரனாகக் கவனித்தேன். ப்ளக் பாயின்ட்டில் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். எர்த் இல்லை என்றதும், பின்கட்டிலிருந்து வேறு லைன் இழுத்தார். பெட்டியின் கால்களுக்கு அடியில் மரத்துண்டு வைத்து மட்டம் பார்த்தார். உள்ளே கையை வைத்து, குளிர் வந்த பிறகுதான் "இப்ப வெக்கலாங்க" என்றார். அதுவரை அழுதுகொண்டிருந்தவர்களுக்கும் அவருக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு கட்டியது போல இருந்தது. எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். அவரை யாரும் பார்க்கவில்லை.

பேப்பர் கப்பில் காபி வந்தது. வாசலில் இருந்த எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே வந்த பெண், எங்களைத் தாண்டிப் போனாள். வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. நாங்கள் அவள் கண்ணில் படவே இல்லை.

சாவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. எனவே ஆரோக்கியம் யாரிடமும் எதுவும் சொல்லாமல், பெட்டியின் டெம்பரேச்சரைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்தார். அவர் வேலைக்குப் போகும் எல்லா வீடுகளும் அந்த மாதிரி வீடுகள்தான் என்பது அப்போது எனக்கு உறைத்தது.

2. டேங்க்கை இறக்கியது

பெட்டி அந்த வீட்டில் மறுநாள் வரை இருக்கும். அதற்குள் வண்டியைச் சரிசெய்துவிடலாம் என்று என் ஷெட்டுக்கே ஓட்டி வந்தோம்.

ஷெட்டுக்கு எதிரில் ஒரு பட்டுச் சேலைக் கடை. அதன் முதலாளி நல்ல மனிதர், எனக்குப் பல வருடப் பழக்கம். வண்டியைப் பார்த்ததும் தெருவைத் தாண்டி வந்தார். "தணிகாசலம், தப்பா எடுத்துக்காதப்பா. பொண்ணு வீட்டுக்காரங்க முகூர்த்தப் பொடவ எடுக்க வந்துக்கினு இருக்காங்க. இந்த போர்டு தெரியாத மாதிரி..."

அவர் முடிப்பதற்குள் ஆரோக்கியம் வண்டியை நியூட்ரலில் போட்டுத் தள்ள ஆரம்பித்துவிட்டார். எழுத்துள்ள பக்கம் சுவரைப் பார்க்கும்படி ஷெட்டின் உள்மூலையில் நிறுத்தினார். எந்தப் பக்கம் எப்படித் திருப்பினால் போர்டு மறையும் என்று அவருக்குக் கணக்குத் தெரிந்திருந்தது.

பம்ப் மாற்றுவது கஷ்டமான வேலை அல்ல. கவனம் வேண்டிய வேலை. முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். ஷெட்டில் சாமி விளக்கை அணைத்தேன். டேங்க்கில் இருந்த பெட்ரோலை வடித்தேன். அதிகம் இல்லை. ஒரு பாட்டில் அளவுக்குத்தான் வந்தது. டேங்க்கைத் தாங்கும் பட்டையின் போல்ட் இரண்டும் துருப்பிடித்து இறுகியிருந்தன. எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஜாக்கியை டேங்க்குக்கு அண்டை கொடுத்து, மெதுவாக இறக்கினேன். ஆள் இருந்தால் சுலபம். இல்லாததால் ஆரோக்கியம் மறுபக்கம் பிடித்தார். தூக்குவதிலும் இறக்குவதிலும் அவருக்கு நல்ல நிதானம் இருந்தது. மூலையைத் தட்டாமல், சாய்க்காமல் இறக்கினார்.

பம்ப் மூடியின் வளையத்தைப் பித்தளை உளியால் தட்டித்தான் திறக்க வேண்டும். இரும்பு உளியில் தீப்பொறி வரும். டேங்க்கில் மிச்சமிருக்கும் ஆவி ஒன்று போதும், ஷெட்டே போய்விடும். பழைய பம்ப்பை வெளியே எடுத்தேன். அடியில் பெட்ரோலை வடிகட்டும் வலை கறுத்துப் போயிருந்தது. பழைய வண்டி, பழைய அழுக்கு என்று நினைத்துக்கொண்டேன். டேங்க்கைக் கழுவினேன். ஸ்பேர்ஸ் கடை ரஹீம் பாய் அந்த மாடலுக்குச் சென்னையிலிருந்து புது பம்ப் முன்பே வரவழைத்து வைத்திருந்தார். புது வலை, புது ரப்பர் சீல் போட்டு ஏற்றினேன்.

வேலை நடுவே பேச்சுக் கொடுத்தேன்.

"வீட்ல யாருப்பா?"

"யாரும் இல்லணா. பொண்ணு பாக்கப் போவோம். தொழில் இன்னான்னு கேப்பாங்கோ. சொன்னா அப்பால போன் எடுக்க மாட்டாங்கோ. அம்மா இருந்துது. போன வருசம் அதுவும் போயிடுச்சி." ஸ்பேனரைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். "அதுக்கும் இந்தப் பொட்டிதான்."

நான் ஸ்பேனரை வாங்கி போல்ட்டை முறுக்கினேன். என் மனைவி கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாள், பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று போனவள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. தினமும் பேசுவோம். "சாப்ட்டியா?" என்பாள், "சாப்ட்டேன்" என்பேன். பேத்தி அழும், போனை வைத்துவிடுவாள். அதன் பிறகு மறுநாள் காலை ஷெட்டைத் திறக்கும் வரை நான் யாரிடமும் பேச வேண்டிய அவசியமே இருக்காது. இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சாவிய போடு" என்றேன்.

சாவியை இரண்டு மூன்று தடவை போட்டு எடுக்கச் சொன்னேன். லைனில் பெட்ரோல் ஏறியது. பிரஷர் பார்த்தேன், கசிவு பார்த்தேன். வண்டி ஒரே அடியில் பிடித்தது. அவர் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் சிரிப்பைப் பார்த்தேன்.

3. ரஹீம் பாய் கடையில்

மாதம் ஒன்றுகூட முழுதாக ஆகியிருக்காது. அதே குரல், அதே நிதானம்.

"அண்ணா, மாகறல் கிட்ட நிக்கிறேன். அதே மாதிரி."

போய்ப் பார்த்தேன். அதே மாதிரிதான். தட்டினால் ஓடுகிறது, சூடானால் நிற்கிறது. நல்லவேளையாகப் பெட்டியை ஒரு வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது நின்றிருந்தது. ஷெட்டுக்குக் கொண்டுவந்து மறுபடியும் டேங்க்கை இறக்கி, புது பம்ப்பைக் கழற்றி, ஒரு பையில் போட்டுக்கொண்டு நேராக ரஹீம் பாய் கடைக்குப் போனேன். எனக்குக் கோபம். டூப்ளிகேட் சரக்கு என்று முடிவே கட்டிவிட்டேன்.

"பாய், இன்னா பம்ப் குடுத்த நீ? ஒரு மாசம் தாங்கல!"

ரஹீம் பாய் அவசரப்படாத மனிதர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பம்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். "தணிகாசலம், இத அறுத்துப் பாரு. உள்ள அழுக்கு இல்லாம இருந்துச்சின்னா வேற பம்ப் எடுத்துக்கினு போ, அதோட என்னையும் திட்டிட்டுப் போ. அழுக்கா இருந்துச்சின்னா மொதல்ல வண்டிய கேளு" என்றார்.

அவர் கடை மேசையில் இருந்த வைஸ் பிடியிலேயே இறுக்கி ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன். உள்ளே பார்த்ததும் என் கோபம் போய்விட்டது. பழுப்பு நிறத்தில் மாவு மாதிரி துரு. சுற்றும் பாகமெல்லாம் தேய்ந்து, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. நான் புதிதாகப் போட்ட வலையில் பச்சை நிறத்தில் தோல் தோலாக எதுவோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பெயின்ட்.

டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலில் மூழ்கி இருக்க வேண்டும். அதன் சூட்டை எடுப்பது அந்தப் பெட்ரோல்தான். டேங்க்கில் எப்போதும் ரிசர்வ் மட்டும் இருந்தால் பம்ப் காய்ந்து சூடாகும். அடியில் இருக்கும் அழுக்கை எல்லாம் உறிஞ்சும். அதுதான் நடந்திருக்கிறது. ஆனால் பெயின்ட் எங்கிருந்து வந்தது? பங்க்கில் போடும் பெட்ரோலில் பச்சைப் பெயின்ட் வராது.

ஷெட்டுக்குத் திரும்பினேன். ஆரோக்கியம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நீ பெட்ரோல் எங்கப்பா போடுற?"

"எங்கியோ ஒரு எடத்துலணா."

"எந்த பங்க்கு?"

அவர் எதிரில் இருந்த சேலைக் கடையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "வீட்டுக்கு வாங்கணா, காட்றேன்" என்றார்.

4. திருப்பருத்திக்குன்றம் பக்கம்

அவர் வீடு திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில், தெரு முடிகிற இடத்தில் இருந்தது. ஒரு அறை, ஒரு ஷீட் போட்ட கொட்டகை. கொட்டகையில் இன்னொரு பழைய பெட்டி, எக்ஸ்டென்ஷன் ஒயர்கள், மரத்துண்டுகள், எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஓரத்தில் ஒரு பெயின்ட் டிரம், அதன் மேல் ஒரு பலகை. பலகையை எடுத்தார். பெட்ரோல் வாசனை வந்தது. டிரம்மின் உள்சுவரில் பச்சைப் பெயின்ட் உரிந்து தொங்கியது. அடியில் துரு.

"பக்கத்து ஊர்ல ஒரு பையன் பாட்டில்ல விப்பான்ணா. அவன்கிட்ட கேன்ல வாங்கியாந்து இதுல ஊத்தி வெப்பேன். போன் வந்தா, போற தூரத்துக்குத் தக்கன டேங்க்ல ஊத்திக்குவேன்."

"ரோடு மேல ரெண்டு பக்கமும் பங்க் இருக்குது. இன்னாத்துக்கு இந்த வேல? தீ புடிச்சா வீடே போயிடும்டா!" எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. டா என்று வந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. டிரம்மை மூடினார். வாசற்படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

"முன்ன பங்க்லதாணா போடுவேன். ஒரு நாள் வரிசையில நிக்கிறேன், என் பின்னாடி ஒரு புது காரு. மால போட்டு, எலுமிச்சம்பழம் கட்டி. உள்ள கொழந்தைங்க, பெரியவங்க, எல்லாம் பட்டுத் துணி கட்டிக்கினு. அந்த ஆளு எறங்கி வந்தான். கத்துவான்னு நெனச்சேன். கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், சண்டையோட முடிஞ்சிருக்கும். அவன் கத்தலணா. ரெண்டு கையையும் கூப்பிக் கும்புட்டான். 'தம்பி, கோச்சிக்காதீங்க, இப்பதான் கோயில்ல பூஜ போட்டுக்கினு வரோம், மொதமொதல்ல பெட்ரோல் போட வரோம், கொஞ்சம் தள்ளிப் போயிடுங்க'ன்னு. கும்புட்டவன்கிட்ட இன்னா பேசுறது? வண்டிய எடுத்துக்கினு வந்துட்டேன்."

"அப்பால?"

"அப்பால போவல."

"பங்க்காரங்க வராதன்னு சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. நானே போறதில்ல. டீக்கடைக்குக்கூட வண்டிய எடுத்துக்கினு போறதில்லணா. தூர நிறுத்திட்டு நடந்து போவேன். எதுக்கு வம்புன்னு நடந்து போறதையும் வுட்டுட்டேன்."

வெயில் சூட்டில் கொட்டகையின் தகர ஷீட் விரிந்து சத்தம் எழுப்பியது. நான் என்னைப் பற்றி நினைத்தேன். மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், தனியாக உட்காருகிறவனுக்கு மேசை எதற்கு என்று நானே நினைத்துக்கொண்டு பார்சல் வாங்க ஆரம்பித்திருந்தேன். கல்யாணப் பத்திரிகைகள் வரும். மனைவி ஊரில் இல்லையே என்று போவதில்லை. என்னையும் யாரும் வராதே என்று சொன்னதில்லை.

அதை அவரிடம் சொன்னேன். வரிசையாக, கோர்வையாகச் சொன்னேன் என்று இல்லை. மெஸ், பார்சல், பேத்தி அழுவது, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷெட்டில் வேலை இல்லாமலே போய் உட்கார்ந்திருப்பது, எல்லாம் வந்தது. அவர் கேட்டுக்கொண்டார். உள்ளே போய் இரண்டு டம்ளரில் வரக்காபி போட்டுக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் டம்ளர் இரண்டுதான் இருந்தது.

5. பங்க்

டேங்க்கை இந்தமுறை அமிலம் விட்டுக் கழுவி, காயவைத்து, இன்னொரு பம்ப் போட்டேன். ரஹீம் பாய் கொடுத்த அதே சரக்குதான். லைனில் தனியாக ஒரு ஃபில்டரும் சேர்த்தேன். வண்டி தயாரானதும் சாவியை அவரிடம் கொடுக்காமல் நான் வைத்துக்கொண்டேன்.

"வா, பங்க்குக்குப் போலாம்."

"மத்தியானம் போலாம்ணா. அப்ப யாரும் இருக்க மாட்டாங்கோ."

"இப்பவே போலாம்."

காலை நேரம். பங்க்கில் கூட்டம் இருந்தது. நான் சாவியைக் கொடுத்து அவரையே ஓட்டச் சொன்னேன், பக்கத்தில் உட்கார்ந்தேன். வரிசையில் நின்றோம். பைக்கில் வந்தவர்கள் போர்டைப் படித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வரிசையை விட்டு விலகிப்போக ஆரோக்கியத்தின் கை தானாகவே கியருக்குப் போனது. நான் அந்தக் கையின் மேல் கையை வைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கார்க்காரர் இறங்கி வந்து கும்பிட்டிருந்தால் நானும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

கார்க்காரர் இறங்கித்தான் வந்தார். கும்பிடவில்லை, ஆனால் பங்க்கில் பெட்ரோல் போடும் பெண்ணிடம், "இன்னாமா, இதையெல்லாம் முன்னாடி வுட்டுக்கினு? அந்தாண்ட போவச் சொல்லு" என்றார்.

அந்தப் பெண் நாஸிலைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். காக்கிச் சட்டை, முப்பது வயதிருக்கும். முதலில் போர்டைப் பார்த்தாள், பிறகு குனிந்து ஆரோக்கியத்தின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"லைன்ல வாங்க சார்" என்றாள் அவரிடம். எங்களிடம், "எவ்ளோ போடணும்ணா?"

"ஃபுல் டேங்க்மா" என்றேன் நான்.

பெட்ரோல் விழ ஆரம்பித்தது. அவள் மீட்டரைப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"அண்ணா, எங்க நைனா செத்தப்ப நீங்கதான் பொட்டி கொண்டாந்தீங்க. சின்ன காஞ்சிபுரம். அன்னிக்கு முழுக்க கரண்ட் போய்ப் போய் வந்துது. நீங்க போவாம வாசல்லயே உக்காந்து, ஜெனரேட்டர் கொண்டாந்து போட்டீங்க. எங்க அண்ணன் வந்து மூஞ்சி பாக்குற வரைக்கும் நைனா அப்படியே தூங்கறாப்ல இருந்தாரு." கையின் பின்பக்கத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்குத் தண்ணிகூடக் குடுக்கல. அப்ப ஒண்ணும் தோணல. அப்பறமா தோணிச்சி. உங்கள இந்தப் பக்கமே பாக்கலியே, ஊர வுட்டுப் போயிட்டீங்களோன்னு நெனச்சேன்."

"இங்கதாம்மா இருக்கேன்" என்றார் ஆரோக்கியம்.

டேங்க் நிறைந்தது. சாவியைப் போட்டார். பெட்ரோல் முள் மெதுவாக எழுந்து, பாதியைத் தாண்டி, மேலே மேலே போனது. அவர் அதையே பார்த்தார். "இது கெட்டுப்போயிடுச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்ணா" என்றார்.

திரும்பும் வழியில் அவருக்கு ஒரு போன் வந்தது. விலாசம் கேட்டுக்கொண்டார். என்னை ஷெட் வாசலில் இறக்கிவிட்டு உடனே கிளம்பிவிட்டார். நான் அங்கேயே நின்று, வண்டி திருப்பத்தில் மறையும் வரை இன்ஜின் சத்தத்தைக் கேட்டேன். நன்றாக இருந்தது. பிறகு ஷெட்டுக்குள் போனேன். அன்றைக்கு வேறு வேலை வரவில்லை.

அந்தப் பம்ப் இன்றும் ஓடுகிறது. ஆரோக்கியம் இப்போது பங்க்கில்தான் பெட்ரோல் போடுகிறார். டிரம்மைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார். முறைக்கிறவர்கள் முறைக்கத்தான் செய்கிறார்கள், சில நாள் அவர் வரிசையை விட்டு விலகியும் போகிறார். ஊர் மாறிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். ஆனால் பெட்ரோலைப் பாதி டேங்க்குக்குக் கீழே அவர் இறங்க விடுவதில்லை. ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாவிட்டால், ஷெட்டுக்கு வருவார். வண்டியின் கீழே தலையை விட்டுக் கொஞ்ச நேரம் பார்ப்போம். பார்க்க ஒன்றும் இருக்காது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பம்ப் செத்தால் மாற்றுங்கள், அது சுலபம். ஆனால் ஏன் செத்தது என்று தெரியாமல் அடுத்ததை மாட்டாதீர்கள். அதற்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஓட்டுகிறவரிடம், பெட்ரோல் எங்கே போடுகிறீர்கள் என்று கேளுங்கள். இப்போதெல்லாம் ஷெட்டுக்கு யார் வந்தாலும் நான் அதைத்தான் முதலில் கேட்கிறேன். கேட்டுவிட்டு ஸ்டூலை எடுத்துப் போடுகிறேன். ஒரே வார்த்தையில் பதில் சொல்லி முடித்தவர்களை இதுவரை அதிகம் பார்க்கவில்லை.